வீட்டுத் திண்ணையில் கணக்கு: குழந்தைகளோடு விளையாடத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தரத் தொடங்கியபோது, கணக்கு வராத பிள்ளைகளுக்கு எல்லா வீடுகளிலும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஆளுக்கொரு நோட்டு வாங்கிக் கொடுத்து, வாய்ப்பாட்டைப் பத்துப் பத்து முறை எழுதச் சொன்னேன். மூன்று மாதத்தில் அவர்கள் எழுதிய வாய்ப்பாட்டில் பிழை இருக்கவில்லை. ஆனால் ஆறு பேருக்கு ஆளுக்கு நான்கு முறுக்கு கொடுக்க எத்தனை முறுக்கு வேண்டும் என்று கேட்டால், ஆறாம் வாய்ப்பாட்டை அன்று காலையில்தான் ஒப்பித்த பிள்ளையும் விழித்தது. பிறகு ஒரு மழை நாளில், மின்சாரம் இல்லாததால், பக்கத்து வீட்டுப் பாட்டியின் பல்லாங்குழியை வாங்கி நடுவில் வைத்தேன். கழித்தல் என்றாலே நோட்டை மூடிவிடும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, முத்தை எடுப்பதற்கு முன்பே விரலை நீட்டிக் குழிகளை மனத்துக்குள் எண்ணிப் பார்த்து, "வேண்டாம், இந்தக் குழியில் தொடங்கினால் எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று கையை இழுத்துக்கொண்டாள். அவளுக்குக் கணக்கு வரும் என்பதை அன்றுதான் கண்டேன்.

வீட்டில் பெற்றோராகவோ, மாலை வகுப்பில் தன்னார்வலராகவோ, பேரப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டியாகவோ இதைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக, நான் கற்றுக்கொண்டவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நான்கு வயது முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன்.

முதல் படி: சரியான விளையாட்டைத் தேர்ந்தெடுத்தல்

கணக்கு விளையாட்டு என்ற பெயரில் இரண்டு வகைகள் உண்டு. முதல் வகையில், ஒரு கேள்வி வரும். சரியான விடை சொன்னால் காய் நகரும், அல்லது திரையில் நட்சத்திரம் பூக்கும். கைப்பேசிச் செயலிகளில் பெரும்பாலானவை இந்த வகையே. இதில் கணக்கு வேறு, விளையாட்டு வேறு. கணக்கு, வாசலில் நின்று கட்டணம் கேட்கும் ஆளைப்போல இருக்கிறது. ஏற்கெனவே கணக்கைக் கண்டு அஞ்சும் பிள்ளைக்கு இந்த வகை அச்சத்தையே வளர்க்கும். இரண்டாவது வகையில், கணக்குப் போடுவதே ஆட்டம். தாய ஆட்டத்தில் எதிராளியின் காய் ஒன்பது கட்டம் தள்ளி நிற்கிறது, கையில் ஆறும் மூன்றும் விழுந்திருக்கின்றன என்றால், அந்த இரண்டையும் கூட்டிப் பார்ப்பவர்தான் வெட்டுவார். கூட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெல்ல வேண்டும் என்ற ஆசை கூட்ட வைக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரண்டாவது வகையைத்தான். ஒரு விளையாட்டைப் பார்த்ததும், "இதில் கணக்கை எடுத்துவிட்டால் ஆட்டம் மிஞ்சுமா?" என்று கேட்டுப் பாருங்கள். மிஞ்சும் என்றால் வேறொன்றைத் தேடுங்கள்.

குழந்தையின் வயதை மட்டும் வைத்து விளையாட்டை முடிவு செய்யக் கூடாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒரே வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றிருக்கும் நிலைக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். வீட்டிலும் அதே பார்வை வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு 14-க்கும் 41-க்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால், வெட்கப்படாமல் நான்காம் படியில் வரும் ஈர்க்குச்சிக் கட்டிலிருந்தே தொடங்குங்கள். விளையாட்டு என்பதால் அந்தப் பிள்ளைக்கும் அது குறைவாகத் தோன்றாது.

இரண்டாம் படி: ஒரு டப்பாவைத் தயார் செய்தல்

பழைய பிஸ்கட் டப்பா ஒன்று போதும். அதில் நூறு புளியங்கொட்டை, ஒரு பகடை, சாக்பீஸ், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய சீட்டுகள், புது விளக்குமாற்றிலிருந்து ஒடித்து ஒரே அளவாக நறுக்கிய நூறு ஈர்க்குச்சிகள், பத்துப் பதினைந்து ரப்பர் பேண்டுகள், கொஞ்சம் சில்லறைக் காசு ஆகியவற்றைப் போட்டு வையுங்கள். இவற்றில் விலை கொடுத்து வாங்க வேண்டியவை மிகக் குறைவு. டப்பா பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதைத் திறக்க அவர்கள் உங்களிடம் அனுமதி கேட்கும் நிலை இருக்கக் கூடாது. ஆனால் வீட்டில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் இந்த விதியை மாற்றி, டப்பாவை உயரத்தில் வைத்து, ஆட்டம் முடிந்ததும் கொட்டைகளை எண்ணி எடுத்து வையுங்கள். புளியங்கொட்டையும் பகடையும் மூக்கிலோ தொண்டையிலோ சிக்கும் அளவு சிறியவை. எடுத்து வைக்கும்போது எண்ணுவதும் ஒரு பயிற்சிதான். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணும் பழக்கம் பிள்ளைகளுக்கு அங்கேயே வந்துவிடும்.

மூன்றாம் படி: எண்களை வரிசையில் நடக்க வைத்தல்

மிகச் சிறு பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது, எண்கள் ஒரு வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன என்ற உணர்வு. தரையில் சாக்பீஸால் ஒரே வரிசையாகப் பத்துக் கட்டம் போட்டு 1 முதல் 10 வரை எழுதுங்கள். ஒரு நாணயத்தின் ஒரு பக்கத்தில் 1 என்றும் மறுபக்கத்தில் 2 என்றும் எழுதிய காகிதத்தை ஒட்டிச் சுண்டி, விழுந்த எண்ணிக்கைப்படி காயையோ காலையோ நகர்த்தச் சொல்லுங்கள். பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாதது போலத் தோன்றும் ஆட்டம் இது. அமெரிக்காவில் ராபர்ட் சீக்லர், கீதா ராமணி ஆகிய இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் வகுப்புப் பிள்ளைகள் இத்தகைய எண் பலகையில் இரண்டு வாரக் காலத்தில் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி முதல் இருபது நிமிடம் வரை விளையாடினார்கள்; அவர்களுடைய எண்ணறிவு தெளிவாக உயர்ந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் மட்டும் இருந்த பலகையில் ஆடிய பிள்ளைகளிடம் அந்த வளர்ச்சி காணப்படவில்லை. ஆகவே கட்டத்துக்குள் எண்ணைத் தவறாமல் எழுதுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காய் 6-இல் நிற்கும்போது இரண்டு விழுந்தால், பிள்ளைகள் "ஒன்று, இரண்டு" என்று சொல்லித்தான் நகர்த்துவார்கள். அப்படி விடாமல், "ஏழு, எட்டு" என்று நிற்கும் கட்டத்திலிருந்து தொடர்ந்து எண்ணச் சொல்லுங்கள். 2014-இல் எலிடா லாஸ்கியும் சீக்லரும் 1 முதல் 100 வரையுள்ள பலகையில் இதையே சோதித்து, தொடர்ந்து எண்ணி நகர்த்திய பிள்ளைகளே அதிகம் கற்றதைக் காட்டினார்கள். வீட்டில் பரமபதம் ஆடும்போதும் இதைக் கடைப்பிடிக்கலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் விழித்திருப்பதற்காக மட்டும் எடுத்துவிட்டுப் பிறகு பரணில் போட்டுவிடும் அந்தப் படம், ஆண்டு முழுவதும் பயன்படக்கூடியது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. தர்ட்டீன், தர்ட்டி என்ற இரண்டும் காதில் ஒன்றுபோல ஒலிப்பதால் 13-ஐயும் 30-ஐயும் குழப்பிக்கொள்ளும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழில் பதின்மூன்று என்றால் பத்தும் மூன்றும், முப்பது என்றால் மூன்று பத்து. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. ஆட்டத்தில் தமிழிலும் எண்ண வையுங்கள். தொண்ணூறு மட்டும் நூறு போல ஒலித்துக் குழப்பும். அதை மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

நான்காம் படி: பத்தைச் சேர்த்தலும் பிரித்தலும்

1 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளை இரண்டு தொகுதி, அதாவது 18 சீட்டு எடுத்து, எல்லாவற்றையும் கவிழ்த்துப் பரப்புங்கள். ஒவ்வொருவரும் தம் முறையில் இரண்டு சீட்டைத் திருப்ப வேண்டும். கூட்டினால் 10 வந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் திரும்பக் கவிழ்த்துவிட வேண்டும். எந்தச் சீட்டு எங்கே கிடந்தது என்ற நினைவும் வேண்டும், "ஏழுக்கு எது துணை?" என்ற கணக்கும் வேண்டும். இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் முடிவு. ஒன்றுக்கு ஒன்பது, இரண்டுக்கு எட்டு, மூன்றுக்கு ஏழு, நான்குக்கு ஆறு, ஐந்துக்கு ஐந்து என்று எல்லாச் சீட்டும் சரியாக ஒன்பது இணைகளாகப் பிரிந்துவிடும். கடைசியில் மிஞ்சும் இரண்டு சீட்டு பத்தைத் தரவில்லை என்றால், வழியில் யாரோ தவறாக எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். தவறு நேர்ந்ததை ஆட்டமே காட்டிக் கொடுத்துவிடும். பெரியவர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பழகிய பிறகு நான்கு தொகுதியாக்கி 36 சீட்டுடன் ஆடலாம்.

கடன் வாங்கிக் கழித்தலில் தடுமாறும் பிள்ளைகளுக்கு ஈர்க்குச்சி ஆட்டம். பகடையை உருட்டி, விழுந்த எண்ணிக்கைக்குக் குச்சி எடுக்க வேண்டும். கையில் பத்து உதிரிக் குச்சி சேர்ந்தவுடன் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக்க வேண்டும். முதலில் ஐந்து கட்டு சேர்ப்பவர் வென்றவர். இதை ஒரு வாரம் ஆடிய பிறகு தலைகீழாகத் திருப்புங்கள். ஆளுக்கு ஐந்து கட்டுடன் தொடங்கி, விழுந்த எண்ணிக்கையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்து, முதலில் கையைக் காலி செய்பவர் வெல்வார். ஒரு பிள்ளையிடம் மூன்று கட்டும் இரண்டு உதிரியும் இருக்கின்றன. பகடையில் ஐந்து விழுகிறது. உதிரியில் ஐந்து இல்லை. சற்று நேரம் கையைப் பிசைந்துவிட்டு, தானாகவே ஒரு கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றும். இப்போது உதிரி பன்னிரண்டு. ஐந்தைக் கொடுத்தால் ஏழு. கையில் இருப்பது 27. "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று கரும்பலகையில் சொல்லித்தருவதன் பொருள் இதுதான் என்பதை, ரப்பர் பேண்டைக் கழற்றிய விரல்களே அறிந்துகொள்கின்றன. இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டு "கட்டைப் பிரி" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தச் சில நொடித் தயக்கத்துக்காகத்தான் இந்த ஆட்டத்தையே ஆடுகிறோம்.

ஐந்தாம் படி: பல்லாங்குழி

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்ள விரும்புபவர்கள் பல்லாங்குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை இல்லையென்றால் தரையில் வட்டம் போட்டுக்கொள்ளலாம், அல்லது பதினான்கு காகிதக் குவளைகளை ஏழேழாக இரண்டு வரிசையில் வைக்கலாம். விதிகள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஆடிய விதி நினைவிருந்தால் அதையே பின்பற்றுங்கள். அப்படி இல்லாதவர்களுக்கு எளிய விதியைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு குழியிலும் ஐந்து முத்து, அதாவது புளியங்கொட்டை, இட வேண்டும். பதினான்கு குழிக்கு எத்தனை முத்து வேண்டும் என்பதைப் பிள்ளைகளையே கணக்கிட்டு எடுத்துவரச் சொல்லுங்கள்; 70 வர வேண்டும். ஆடுபவர் தம் பக்கத்துக் குழி ஒன்றிலிருந்து முத்துகளை முழுவதும் எடுத்து, வலப்புறமாகச் சுற்றி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கையில் முத்து தீர்ந்ததும் அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அந்தக் காலிக் குழிக்கு அடுத்ததில் இருப்பதை வழித்து எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் எதிராளியின் முறை வரும். இரண்டு குழி தொடர்ந்து காலியாக இருந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆட்டத்தின் நடுவே எந்தக் குழியிலாவது நான்கு முத்து சேர்ந்தால், அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் உடனே எடுத்துக்கொள்வார். இந்தப் பசு விதியால், எதிராளி ஆடும்போதும் மற்றப் பிள்ளையின் கண் தன் குழிகளை விட்டு அகலாது. எண்ணாமலேயே நான்கைக் கண்டு சொல்லும் திறமை இரண்டே நாளில் வந்துவிடும்.

முதல் ஆட்டத்தை நீங்களே ஒருமுறை தனியாக ஆடிப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் குழிகளை 1 முதல் 7 வரை என்றும், எதிர்ப் பக்கத்தை 8 முதல் 14 வரை என்றும் வைத்துக்கொள்வோம். முதல் குழியின் ஐந்து முத்தும் 2 முதல் 6 வரை விழும். ஏழாம் குழியின் ஐந்தை எடுத்தால் அவை 8 முதல் 12 வரை போகும். அடுத்து 13-ஆம் குழியின் ஐந்து, 14-இல் தொடங்கிச் சுற்றிவந்து 4-இல் முடியும். ஐந்தாம் குழியில் இப்போது ஆறு முத்து இருக்கும். அவை 6 முதல் 11 வரை. பிறகு 12-ஆம் குழியின் ஆறு முத்து 13-இல் தொடங்கி மறுபடியும் 4-இல் முடியும். ஐந்தாம் குழி காலி. ஆறாம் குழியில் இருக்கும் 7 முத்து உங்களுக்கு. இப்போது எல்லாவற்றையும் பழையபடி ஐந்தைந்தாக நிரப்பி, வேறு ஏதாவதொரு குழியில் தொடங்குங்கள். அப்போதும் 7 முத்துதான் கிடைக்கும். பலகை ஒரு வட்டம். எல்லாக் குழியிலும் சம எண்ணிக்கை இருக்கும்போது எங்கே தொடங்கினாலும் ஒரே கணக்குதான். இதை நீங்கள் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டாம். எங்கள் திண்ணையில் இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு நான்கு மாலைகள் ஆயின. கண்டுபிடித்த நாளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

ஒரு சுற்று முடிந்ததும் வருவதுதான் வகுத்தல். ஒருவரிடம் 43 முத்தும் மற்றவரிடம் 27 முத்தும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுக்கு அவரவர் குழியை அவரவர் முத்தால் ஐந்தைந்தாக நிரப்ப வேண்டும். 43 இருப்பவர் ஏழு குழியையும் நிரப்பி எட்டை மிச்சம் வைத்துக்கொள்வார். 27 இருப்பவருக்கு ஐந்து குழி நிரம்பும், இரண்டு முத்து மிஞ்சும், இரண்டு குழிகளை மூடிவிட வேண்டும். ஈவு, மீதி என்ற சொற்களை இங்கே சொல்லிக் கொடுங்கள். மூடிய குழியைப் பார்த்த பிள்ளைக்கு அந்தச் சொற்கள் எளிதில் விளங்கும். ஒருவரால் ஒரு குழியைக்கூட நிரப்ப முடியாதபோது ஆட்டம் முடியும். சிறு பிள்ளைகளுக்கு அவ்வளவு நீட்ட வேண்டாம். இரண்டு சுற்றுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

ஆறாம் படி: தாயம்

தாயக்கட்டை இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஆறு புளியங்கொட்டையை எடுத்து, ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்த்துக்கொள்ளுங்கள். வெள்ளை மேலே தெரியும் எண்ணிக்கையே விழுந்த எண்; ஒன்று தெரிந்தால் தாயம், ஒன்றுமே தெரியாவிட்டால் பன்னிரண்டு. தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறுபடி போடலாம்.

மறுபடி போடும் இந்த விதியில்தான் கணக்கு இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஐந்து, ஆறு, மூன்று என்று தொடர்ந்து விழுந்தால் மொத்தம் 14. அதை ஒரே காய்க்கு நகர்த்தலாம். பதினொன்றும் மூன்றுமாகவோ, எட்டும் ஆறுமாகவோ, ஒன்பதும் ஐந்துமாகவோ இரண்டு காய்களுக்குப் பிரிக்கலாம். ஆளுக்கொன்றாக மூன்று காய்க்கும் கொடுக்கலாம். எதிராளியின் காய் ஒன்பது கட்டம் முன்னே நிற்பதைக் கண்டவுடன் ஆறையும் மூன்றையும் சேர்த்து வெட்டிவிட்டு, மிஞ்சிய ஐந்தில் இன்னொரு காயை மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) ஏற்றிவிடும் பிள்ளைக்கு, எண்களைப் பிரித்துச் சேர்க்கும் பயிற்சித்தாள் தனியாகத் தேவையில்லை.

ஐந்தாம் வகுப்பை எட்டிய பிள்ளைகளோடு இன்னொன்றும் செய்யலாம். ஒரு தாளில் 1, 2, 3, 4, 5, 6, 12 என்று எழுதி, ஒவ்வொரு முறை விழும்போதும் அந்தந்த எண்ணுக்கு நேரே கோடு போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். நூறு முறை ஆனதும் மூன்றுக்கு நேரே கோடுகள் நிரம்பியிருக்கும், பன்னிரண்டு ஏழையாக நிற்கும். காரணத்தைத் தாயக்கட்டையில் காட்டுவது எளிது. ஒவ்வொரு கட்டையிலும் 0, 1, 2, 3 என்ற நான்கு பக்கங்கள்; இரண்டு கட்டைக்கும் சேர்த்து 16 விதமாக விழலாம். அவற்றுள் மூன்று வருவதற்கு நான்கு வழி, தாயம் வருவதற்கு இரண்டு வழி, பன்னிரண்டு வருவதற்கு (இரண்டு கட்டையிலும் 0 விழுவது) ஒரே வழி. தாயம் எட்டு முறைக்கு ஒருமுறைதான் எதிர்பார்க்கத் தக்கது என்று தெரிந்துகொண்ட பிள்ளை, காய் இறங்கவில்லை என்று அழுவதை நிறுத்தியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் படி: கடை வைத்தல்

கைப்பேசியைக் காட்டிப் பணம் செலுத்தும் வீடுகளில் வளரும் பிள்ளைகள் மீதிச் சில்லறை வாங்கிப் பழகுவதே இல்லை. ஆகவே வாரம் ஒருமுறையாவது சமையலறைப் பொருள்களை வைத்துக் கடை போடுங்கள். விலையை அவர்களே அட்டையில் எழுதட்டும். உண்மையான காசையும் நோட்டையும் பயன்படுத்துங்கள். அட்டைக் காசுக்கு அந்த மதிப்பு வராது. 37 ரூபாய்ப் பொருளுக்கு 50 ரூபாய் வாங்கினால், கழித்தல் கணக்குப் போடாமல் மளிகைக் கடைக்காரர் எண்ணிக் கொடுப்பது போலக் கொடுக்கச் சொல்லுங்கள்: முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது என்று மூன்று ஒரு ரூபாய் நாணயம், பிறகு ஐம்பது என்று ஒரு பத்து ரூபாய். கையில் கொடுத்தது பதின்மூன்று.

எட்டாம் படி: பெரிய பிள்ளைகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் விளையாட்டிலிருந்து விலகத் தொடங்குவார்கள். அவர்களுக்கு ரகசியம் உள்ள ஆட்டம் வேண்டும். பதினைந்து புளியங்கொட்டையைக் குவித்து, இருவர் மாறி மாறி ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும், கடைசிக் கொட்டையை எடுப்பவர் வென்றவர் என்று சொல்லுங்கள். இரண்டாவதாக ஆடும் நீங்கள் ஒவ்வொரு முறையும் 12, 9, 6, 3 என்று மிஞ்சும்படி எடுத்தால் தோற்கவே மாட்டீர்கள். ஏன் எப்போதும் நீங்களே வெல்கிறீர்கள் என்று அவர்கள் துப்பறியட்டும். மூன்றாம் வாய்ப்பாடு அங்கே ஒளிந்திருப்பதைக் கண்டதும், "மூன்று வரை எடுக்கலாம் என்று விதியை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

கோலம் போடத் தெரிந்த வீடுகளில் புள்ளிகளையே பெருக்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழு வரிசை, ஏழு புள்ளி என்றால் 49. ஏழு புள்ளி வைத்து இருபுறமும் ஒன்றில் முடியும்படி இடுக்குப் புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை? 1, 2, 3, 4, 5, 6, 7, பிறகு 6, 5, 4, 3, 2, 1. கூட்டினால் அதுவும் 49. மூன்று புள்ளியில் செய்து பார்த்தால் ஒன்பது, நான்கில் செய்தால் பதினாறு. சதுரத்தைச் சாய்த்து வைத்ததுதான் இந்த இடுக்குப் புள்ளி வடிவம் என்பதைப் பிள்ளைகள் தலையைச் சாய்த்துப் பார்த்தே கண்டுகொள்வார்கள்.

பின்னத்துக்கு நீளமான காகிதப் பட்டைகள் போதும். ஒரு பட்டையை ஒருமுறை மடித்தால் அரை, இரண்டாம் முறை கால், மூன்றாம் முறை அரைக்கால், நான்காம் முறை மாகாணி. அரைக்கால் என்பது காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. சொல்லே கணக்கைச் சொல்லிவிடுகிறது. முழுப் பட்டை ஒன்றை ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, அரை, கால், அரைக்கால் என்று எழுதிய சீட்டுகளை எடுத்து, அந்தந்தத் துண்டால் பட்டையை மூடிக்கொண்டே வர வேண்டும். மிகாமலும் குறையாமலும் சரியாக மூடுபவர் வெல்வார். கடைசியில் அரைக்கால் இடம் மட்டும் மிஞ்சியிருக்க, அரை அரையாகச் சீட்டு வந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு எது பெரிது, எது சிறிது என்பது மறக்காது.

பெரியவர் எப்படி நடந்துகொள்வது

எல்லாவற்றையும்விட இதில்தான் நான் அதிகம் தவறியிருக்கிறேன். தொடக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் நடுவே "இப்போது எத்தனை? முன்னால் எத்தனை இருந்தது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு பையன் காய்களை வைத்துவிட்டு, "பாடம்னு சொல்லியிருந்தா நோட்டு கொண்டு வந்திருப்பேனே அக்கா" என்று சொல்லி எழுந்து போய்விட்டான். அவன் சொன்னது நியாயம். ஆட்டம் நடக்கும்போது கேள்வி கேட்காதீர்கள். நீங்களும் ஓர் ஆட்டக்காரராக உட்கார்ந்து, உங்கள் கணக்கை வாய்விட்டுச் சொல்லி ஆடுங்கள். "எனக்கு எட்டு வேண்டும், ஐந்து இருக்கிறது, இன்னும் மூன்று விழ வேண்டும்" என்று நீங்கள் சொல்வதைக் கேட்டே அவர்களும் வாய்விட்டு எண்ணத் தொடங்குவார்கள். ஆட்டம் முடிந்த பிறகு, வென்ற பிள்ளையிடம் "அந்த இடத்தில் எப்படி யோசித்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்க வேண்டாம். கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு ஒரே கையில் பன்னிரண்டு வரை எண்ணும் முறையைப் பாட்டிமார் இன்னும் அறிவார்கள்; அதைச் சொல்லிக் கொடுங்கள். தேவை தீர்ந்ததும் விரல்கள் தாமாக மடங்கிவிடும்.

தோற்றால் அழும் பிள்ளைகளுக்காக வேண்டுமென்றே தோற்றுக்கொடுப்பது சரியன்று, அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, தொடக்கத்திலேயே பெரியவருக்கு ஒரு குழியைக் குறைத்தோ, சிறியவருக்கு இரண்டு கட்டு ஈர்க்குச்சியைக் கூட்டியோ வெளிப்படையாகச் சமன் செய்யுங்கள். எவ்வளவு கூட்டினால் நியாயம் என்று பிள்ளைகள் வாதாடுவதும் கணக்குதான். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். "இன்னும் ஒரே ஒரு ஆட்டம்" என்று அவர்கள் கெஞ்சும்போதே டப்பாவை மூடிவிடுவது நல்லது.

மதிப்பெண் போட்டு முன்னேற்றத்தை அளக்காதீர்கள். பகடையில் ஐந்து விழுந்ததும் புள்ளிகளை எண்ணாமல் ஐந்து என்று சொல்கிறதா, நிற்கும் எண்ணிலிருந்து தொடர்ந்து எண்ணுகிறதா, ஆடுவதற்கு முன் சற்று நின்று யோசிக்கிறதா என்பவற்றைக் கவனித்து ஒரு சிறு குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதைப் புரட்டினால் உங்களுக்கே தெரியும்.

கடைசிப் படி: விதியை அவர்களிடம் விட்டுவிடுதல்

ஒரு விளையாட்டு நன்றாகப் பழகியதும், அதன் விதியில் ஒன்றை மாற்றப் பிள்ளைகளை அனுமதியுங்கள். சென்ற மாதம் எங்கள் திண்ணையில், குழிக்கு ஐந்து முத்துக்குப் பதிலாக ஆறு வைத்தால் என்ன ஆகும் என்று ஒருத்தி கேட்டாள். 84 முத்தை எண்ணி நிரப்பி ஆடினார்கள். இரண்டே முறை எடுத்துப் போட்டதும் ஆட்டம் நின்றது. கிடைத்தது மறுபடியும் 7 முத்து. ஐந்துக்கும் ஏழு, ஆறுக்கும் ஏழு என்றால், ஏழு வைத்தால் என்ன என்று உடனே கேள்வி எழுந்தது. தாளில் பெருக்கிப் பார்த்து 98 வேண்டும் என்றார்கள். டப்பாவில் 90 புளியங்கொட்டைதான் இருந்தது. மீதி எட்டுக்காக நான்கு பேர் பாட்டி வீட்டுப் புளிப் பானையைத் தேடி ஓடினார்கள்.